இணையப் பாடத் தளங்களில் சேரும்போது தனியுரிமைக் கொள்கையைப் புரிந்துகொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல்லில் நீட் தேர்வுக்குத் தயாராகும் மாணவர், திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து இரவில் மெர்ச்சண்டைசிங் பாடம் கேட்பவர், கோவையில் பிள்ளையைக் கோடிங் வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் எனப் பலரும் இன்று இணையப் பாடத் தளங்களில் கணக்குத் தொடங்குகிறார்கள். பதிவுப் பக்கத்தின் அடியில் 'தனியுரிமைக் கொள்கையைப் படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற வரியும் ஒரு சிறு கட்டமும் இருக்கும். அந்தக் கட்டத்தில் டிக் செய்வதையொட்டி எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

தனியுரிமைக் கொள்கை என்பது என்ன? அது இல்லாத தளத்தில் சேரலாமா?

எந்த விவரங்களை வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், எப்படிப் பாதுகாக்கிறோம் என்று நிறுவனம் எழுத்தில் தரும் அறிக்கையே தனியுரிமைக் கொள்கை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின் கீழ் 2011-இல் வெளியான விதிகள், தனிநபர் விவரங்களைச் சேகரிக்கும் நிறுவனம் இத்தகைய கொள்கையைத் தன் வலைத்தளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. ஆகவே கொள்கையே இல்லாத தளம் பணம் கட்டத் தகுந்த இடமல்ல. வேறொரு கம்பெனியின் கொள்கையை நகலெடுத்து, அந்தக் கம்பெனியின் பெயரைக்கூட மாற்றாமல் ஒட்டிவைத்திருக்கும் தளத்தையும் அதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பணம் திருப்பித் தருவது, பாடத்தை எத்தனை மாதம் பார்க்கலாம் என்பது போன்றவை இதில் இருக்கமாட்டா. அவை 'டெர்ம்ஸ்' என்ற வேறு பக்கத்தில் இருக்கும்.

கொள்கை முழுவதையும் படித்துத்தான் ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை. பல கொள்கைகள் பத்துப் பன்னிரண்டு பக்கம் நீள்பவை. நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்தின் பாதுகாப்புக்காக எழுதியவை. அவற்றை வரிக்கு வரி படிக்கச் சொல்வது நடக்காத காரியம். ஆனால் யாருடன் பகிர்வோம் என்று சொல்லும் பகுதியைப் படிக்காமல் விடக் கூடாது. கைபேசி உலாவியில் 'பக்கத்தில் தேடு' என்ற வசதி இருக்கிறது. அதில் 'ஷேர்', 'தேர்ட் பார்ட்டி' ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால் அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

அங்கே பெரும்பாலும் இந்தப் பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும்: 'எங்கள் சேவையை மேம்படுத்தவும், உங்களுக்கு விருப்பமாக இருக்கக்கூடிய சலுகைகளைத் தெரிவிக்கவும், எங்கள் சேவை வழங்குநர்கள், குழும நிறுவனங்கள், பங்காளர்கள் ஆகியோருடன் உங்கள் விவரங்களைப் பகிரக்கூடும்.' இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று வகைப் பெறுநர்கள் இருக்கிறார்கள். சேவை வழங்குநர் என்பது வீடியோவைச் சேமித்துவைக்கும் நிறுவனம், பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே, ஓடிபி அனுப்பும் நிறுவனம் போன்றவை. இவர்கள் இல்லாமல் தளம் இயங்காது என்பதால் இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. குழும நிறுவனம் என்பது அதே முதலாளியின் வேறு கம்பெனிகள்; எவை என்று பெயர் சொல்லியிருந்தால் நல்லது. பங்காளர்கள் என்ற சொல்லுக்குத்தான் எல்லையே இல்லை. கடன் தரும் நிதி நிறுவனமும் பங்காளர்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கன்சல்டன்சியும் பங்காளர்தான். பங்காளர் யார், எதற்காக என்று சொல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் விட்டுவைத்திருக்கும் தளத்தில் சேரத்தான் வேண்டும் என்றால், கட்டாயம் என்று நட்சத்திரக் குறியிட்ட கட்டங்களை மட்டும் நிரப்பி, மற்றவற்றைக் காலியாக விடுவது நல்லது.

நேரம் இருந்தால் 'ரிடென்ஷன்', 'சில்ட்ரன்', 'டெலீட்' ஆகிய சொற்களையும் தேடிப் பாருங்கள். எத்தனை காலம் வைத்திருப்பார்கள், பிள்ளைகள் விஷயத்தில் என்ன செய்வார்கள், கணக்கை எப்படி நீக்குவது என்பவை அங்கே கிடைக்கும். சில ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: நீங்கள் எழுதிக் கொடுக்கும் வீட்டுப்பாடம், வகுப்பில் பேசிய பதிவு ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தும் உரிமை. உடெமி என்ற இணையப் பாடத் தளம் 2024-இல் தன் ஆசிரியர்களின் பாடங்களை இதற்குப் பயன்படுத்தத் தொடங்கியபோது, வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளச் சில வாரக் கெடு மட்டுமே கொடுத்தது. மாணவருக்கும் அத்தகைய விலகல் வசதி இருக்கிறதா என்று அமைப்புகள் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் கேட்க உரிமை உண்டா?

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் வேண்டுகோளையும் அதனுடன் தரும் அறிவிப்பையும் ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ளது. ஆனால் இதற்கு ஒரு காலக்கணக்கு உண்டு. சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளன. அதுவரை 2011-இன் விதிகளே செல்லும். இந்தப் பக்கத்தில் 'புதிய சட்டம்' என்று வரும் இடங்களிலெல்லாம் இந்தக் காலக்கணக்கை நினைவில் கொள்ளவும்.

இலவச டெமோ வகுப்புக்காக நம்பர் கொடுத்தோம். அன்று மாலையிலிருந்தே போன் வந்துகொண்டே இருக்கிறது. நம்பர் டிஎன்டி (விளம்பர அழைப்பு வேண்டாம்) பட்டியலில் இருந்தும் ஏன் இப்படி?

டெமோ வகுப்பு இலவசம் என்றாலும், அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை உங்கள் கைபேசி எண். பல இந்தியப் பாடத் தளங்களின் கொள்கையிலோ, எண்ணை உள்ளிடும் கட்டத்துக்குக் கீழே மிகச் சிறிய எழுத்திலோ, 'என் எண் டிஎன்டி பட்டியலில் பதிவாகியிருந்தாலும் அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் வழியே என்னைத் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுக்கும் வெளிப்படையான ஒப்புதல் டிஎன்டி விருப்பத்தை மீறிச் செல்லும். கம்பெனிகள் நம்பியிருப்பது அந்த வரியைத்தான். "ஏனுங்க, பையனோட மேத்ஸ் கொஞ்சம் வீக்குன்னு சொன்னீங்களே" என்று கவுன்சலர் நம் ஊர்ப் பேச்சிலேயே தொடங்குவதும், டெமோவுக்கு முன் நிரப்பிய படிவத்தில் 'பிள்ளைக்குக் கடினமான பாடம்' என்று ஒரு கட்டம் இருந்ததும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. வருமானம், பெற்றோரின் தொழில், எந்தப் பள்ளி என்று கேட்கும் கட்டங்கள் பாடம் நடத்துவதற்காகக் கேட்கப்படுவதில்லை. எவ்வளவு விலை சொல்லலாம் என்று கணிப்பதற்கே பெரும்பாலும் அவை உதவுகின்றன.

செய்ய வேண்டியது இது. முதலில் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில், தொடர்புகொள்ளத் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக எழுதுங்கள்; போனில் சொன்னால் அதற்குச் சான்று இருக்காது. அதன் பிறகும் அழைப்பு வந்தால் 1909 என்ற எண்ணிலோ டிராயின் டிஎன்டி செயலியிலோ புகார் செய்யலாம். அழைப்பு வந்த 7 நாட்களுக்குள் புகார் பதிவாக வேண்டும். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்பது விதி. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வியாபார அழைப்பு வந்தால் அதையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என்று கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வீடியோ பாடம் பார்ப்பதற்குப் பெயரும் மின்னஞ்சலும் போதும். பல்கலைக்கழகப் பட்டமோ, தேர்வெழுதிப் பெறும் சான்றிதழோ என்றால் அடையாள ஆவணம் கேட்பதில் நியாயம் உண்டு. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ரத்துசெய்தது; ஆகவே ஆதார் மட்டும்தான் வேண்டும் என்று தனியார் தளம் வற்புறுத்தினால் வேறொரு அடையாள அட்டையைத் தருவதாகச் சொல்லலாம். ஆதாரையே கொடுப்பதென்றால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்தில் பதிவிறக்கிக் கொடுங்கள்.

சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேறு கதை. 'உங்களுக்கு ஏற்ற உதவித்தொகையைத் தேடித் தருகிறோம்' என்று சொல்லித்தான் இவை வாங்கப்படுகின்றன. செக் என்ற அமெரிக்கக் கல்வி நிறுவனம் நடத்திய உதவித்தொகைத் தேடல் சேவையில் மாணவர்கள் மதம், இனம், பெற்றோர் வருமானம், உடற்குறைபாடு உள்ளிட்ட விவரங்களைக் கொடுத்திருந்தார்கள். 2018-இல் முன்னாள் ஒப்பந்ததாரர் ஒருவர் தன்னிடமிருந்த உள்நுழைவு விவரத்தைக் கொண்டே சுமார் 4 கோடிப் பயனர்களின் தரவை எடுத்துவிட்டார். 2022 அக்டோபரில் அமெரிக்க வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. தமிழ்நாட்டில் உதவித்தொகைக்கு அரசு தளங்களும் கல்லூரி அலுவலகமும் இருக்கும்போது, அந்தச் சான்றிதழ்களைத் தனியார் தளத்தில் ஏற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரிந்து பெரும்பாலோருக்கு இல்லை.

செயலி கேட்கும் அனுமதிகளில் எவற்றை மறுக்கலாம்?

நேரலை வகுப்பில் பேச மைக் வேண்டும். விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பக் கேமரா வேண்டும். இரண்டையும் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தெரிவில் கொடுத்தால் போதும். தொடர்புப் பட்டியல், இருப்பிடம், குறுஞ்செய்தி ஆகிய மூன்றையும் தயங்காமல் மறுக்கலாம். ஓடிபியைத் தானாகப் படிப்பதற்காகக் குறுஞ்செய்தி அனுமதி தேவை என்று சில செயலிகள் சொல்வது சரியல்ல. ஆண்ட்ராய்டில் அந்த அனுமதி இல்லாமலேயே தனக்கு வந்த ஓடிபியைச் செயலி படித்துக்கொள்ள வழி இருக்கிறது.

இதைப் பற்றிப் புதிய சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தன் வாசகத்துக்குள் வைத்திருக்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, மருத்துவ சேவைக்கும் தொடர்புப் பட்டியலைப் பார்ப்பதற்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது. பயனரும் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனால் மருத்துவ சேவைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவருடைய ஒப்புதல் முதலாவதற்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். பாடச் செயலிக்கும் இதே நியாயம்தான். தெரியாமல் 'அனுமதி' என்று தொட்டிருந்தாலும், தேவைக்கு மீறியதைச் சட்டம் ஒப்புதலாகக் கணக்கில் கொள்வதில்லை.

கூகுள் பிளேயில் ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் 'டேட்டா சேஃப்டி' என்ற பகுதி 2022 முதல் உள்ளது. அது நிறுவனம் தானே எழுதிக் கொடுப்பது. கொள்கையில் ஒன்றும் அங்கே வேறொன்றும் இருந்தால், அந்த முரண்பாடே போதுமான எச்சரிக்கை.

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை. என்ன வேறுபாடு?

இந்தியச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைகளே. அமெரிக்காவில் இந்த எல்லை 13. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை. வெளிநாட்டுத் தளத்தின் கொள்கையில் '13 வயதுக்கு மேற்பட்டோர் பெற்றோர் அனுமதியின்றிச் சேரலாம்' என்று இருப்பது அந்த நாட்டுக் கணக்கு. நம் புதிய சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, குழந்தையின் தரவைக் கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும். குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் தண்டம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

பெற்றோர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பிளஸ் டூ மாணவர்கள் மட்டுமல்லாமல், கோவையிலோ ஈரோட்டிலோ திருச்செங்கோட்டிலோ கல்லூரியில் முதலாண்டு சேரும் பலருக்கும் அப்போது 17 வயதுதான். விடுதியில் இருந்துகொண்டு தாங்களே கணக்குத் தொடங்கும் அவர்களும் சட்டத்தின் பார்வையில் குழந்தைகளே. பிறந்த ஆண்டை ஒன்றிரண்டு குறைத்துப் போட்டால் பதிவு சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் பலரும் அப்படிச் செய்கிறார்கள். செய்தால், குழந்தைகளுக்கான பாதுகாப்பு எதுவும் அந்தக் கணக்குக்குப் பொருந்தாமல் போய்விடும். பின்னாளில் சான்றிதழில் பிறந்த தேதி மாறி நிற்கும் தொல்லை வேறு.

பள்ளி, கல்லூரி போன்ற கல்வி நிறுவனங்கள் தங்கள் மாணவரின் கல்விக்காகவும் பாதுகாப்புக்காகவும் செய்யும் கண்காணிப்புக்கு விதிகளில் விலக்கு உண்டு. வருகைப்பதிவு, மதிப்பெண் போன்றவற்றைக் கவனிப்பதற்கான விலக்கு அது. அதை விளம்பரத்துக்கான அனுமதியாக யாரும் நீட்டிக்க முடியாது.

பள்ளியே எல்லா மாணவருக்கும் மொத்தமாகக் கணக்குத் தொடங்கிவிட்டது. எங்களிடம் யாரும் கேட்கவில்லையே?

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் இது சாதாரணம். மாணவரிடம் கைபேசி இருக்காது; பள்ளி அலுவலகம் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைபேசி எண் கொண்ட எக்செல் பட்டியலைத் தேர்வுத் தளத்துக்கு அனுப்பிவிடும். கல்லூரிகளில் 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழும் பயிற்சிப் பங்காளர்களாகத் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன.

பள்ளி ஒப்புதல் வாங்கிவிடும் என்று தளமும், தளம் பார்த்துக்கொள்ளும் என்று பள்ளியும் இருப்பதுதான் இங்குள்ள சிக்கல். எட்மோடோ என்ற கற்றல் தளத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2023 மே மாதத்தில் 60 லட்சம் டாலர் தண்டம் கோரி நடவடிக்கை எடுத்ததற்கு இதுவே காரணம்: பெற்றோர் ஒப்புதலைப் பெறும் பொறுப்பைப் பள்ளிகளின் தலையில் கட்டிவிட்டு, சேகரித்த தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. பள்ளியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தத் தளத்துக்கு எந்த விவரங்கள் போயின? படிப்பு முடிந்ததும் கணக்கை நீக்குவது யார் பொறுப்பு? முதல்வரிடம் வாயால் கேட்பதைவிட, டைரியிலோ கடிதத்திலோ எழுதிக் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும்.

வேலை பார்க்கும் கம்பெனி கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்ட பாடங்களில் இன்னொன்றை மனதில் வையுங்கள். நீங்கள் எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்பதைக் கம்பெனியின் நிர்வாகி பார்க்க முடியும். வேறு வேலைக்குத் தயாராகும் பாடங்களைச் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில் படிப்பதே நல்லது.

மாதத் தவணையில் கட்டலாம் என்றார்கள். அதற்கும் தனியுரிமைக்கும் என்ன தொடர்பு?

நிறையத் தொடர்பு உண்டு. பாடத் தளம் சொல்லும் 'நோ காஸ்ட் இஎம்ஐ' பெரும்பாலும் ஒரு கடன். வங்கியோ வங்கிசாரா நிதி நிறுவனமோ உங்கள் பெயரில் கடன் கொடுத்து, முழுத் தொகையைத் தளத்துக்குக் கட்டிவிடுகிறது. பான் எண், வங்கிக் கணக்கு, சம்பள விவரம் ஆகியவை போய்ச் சேருவது அந்த நிதி நிறுவனத்திடம். அதற்குத் தனியாக ஒரு தனியுரிமைக் கொள்கை இருக்கிறது. நீங்கள் படித்துப் பார்த்த பாடத் தளத்தின் கொள்கை அங்கே செல்லாது. வகுப்பு பிடிக்கவில்லை என்று பாதியில் நிறுத்தினாலும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். தவணையை நிறுத்தினால், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் குறையும்.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் செயலிகள் கைபேசியிலுள்ள கோப்புகள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரே ஒரு முறை, உங்கள் வெளிப்படையான ஒப்புதலுடன் பயன்படுத்தலாம். கடன் கொடுப்பவர் யார், மொத்தம் எவ்வளவு என்று சொல்லும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்' தாளைக் கேட்டு வாங்காமல் ஓடிபியைச் சொல்ல வேண்டாம்.

கார்டில் நேரடியாகக் கட்டுபவர்களுக்கு: 2022 அக்டோபர் 1 முதல் வியாபாரத் தளங்கள் உங்கள் கார்டு எண்ணைச் சேமிக்க முடியாது, அதற்குப் பதிலாக டோக்கன் எனப்படும் மாற்றுக் குறியீட்டை மட்டுமே வைத்திருக்கலாம். கொள்கையில் 'கார்டு விவரங்களைச் சேமிக்கிறோம்' என்று இருந்தால் அது பழைய கொள்கை.

அரசு தளம் என்றால் கவலையில்லையா?

ஸ்வயம், என்பிடெல், தீக்‌ஷா போன்றவை உங்களுக்கு எதையும் விற்க முயல்வதில்லை. விற்பனை அழைப்புத் தொல்லை கிடையாது. ஆனால் தரவுப் பாதுகாப்பு தனி விஷயம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022 மே மாதத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், பத்தில் ஒன்பதுக்கு நெருக்கமானவை பிள்ளைகளின் உரிமைகளுக்கு ஊறு செய்யும் விதத்தில் தரவைக் கையாண்டதாகச் சொன்னது. தீக்‌ஷா செயலி இருப்பிடத் தரவைச் சேகரிக்கக்கூடியதாக இருந்ததும் அதில் சுட்டப்பட்டது. 2023 ஜனவரியில், லட்சக்கணக்கான ஆசிரியர்கள், மாணவர்களின் தீக்‌ஷா விவரங்கள் பாதுகாப்பில்லாத கிளவுட் சேமிப்பில் திறந்து கிடந்தது வெளியே வந்தது. அரசு தளத்திலும் அனுமதிகளைக் குறைத்தே கொடுங்கள்.

தளம் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டாலோ, மூடப்பட்டாலோ என் விவரம் என்னாகும்?

ஏறத்தாழ எல்லாக் கொள்கைகளிலும், நிறுவனம் இணைக்கப்பட்டாலோ விற்கப்பட்டாலோ பயனர் தரவும் உடன் செல்லும் என்று ஒரு பத்தி இருக்கும். இது வெறும் பேச்சில்லை. ஒயிட்ஹேட் ஜூனியர் என்ற கோடிங் வகுப்புத் தளம் 2020 ஆகஸ்டில் பைஜூஸ் என்ற பாட நிறுவனத்தின் கைக்குப் போனது. பைஜூஸ் நிறுவனத்தின் மீதே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. படிப்பு முடிந்த பிறகும் கணக்கை அப்படியே விட்டுவைத்தால், நாளை அந்தப் பட்டியல் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிய சட்டம், நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. ஆனால் மூன்று ஆண்டு என்று விதிகளில் கெடு வைக்கப்பட்டிருப்பது பெரிய மின்வணிகம், இணைய விளையாட்டு, சமூக ஊடக நிறுவனங்களுக்கு மட்டுமே. பாடத் தளங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே நீங்களாகக் கேட்டு நீக்குவதுதான் உறுதியான வழி.

பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

கோபி, தாராபுரம், சங்ககிரி போன்ற ஊர்களில் கவுன்சலிங் விண்ணப்பத்தையும் ஆன்லைன் பாடப் பதிவையும் பிரவுசிங் சென்டரில் செய்துகொள்பவர்கள் நிறைய. அங்கே கொள்கையைப் படிப்பதும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் செய்வதும் கடைக்காரரே. அதாவது யாரும் படிப்பதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, மாணவருக்கு மின்னஞ்சல் இல்லை என்று கடையின் மின்னஞ்சலையே கொடுத்துப் பதிவு செய்வது. அப்படிச் செய்தால் கடவுச்சொல்லை மாற்றும் அதிகாரம் கடையிடம் போய்விடுகிறது. முதலில் மாணவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்து, ஸ்கேன் செய்த சான்றிதழ்களை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய ஆவணங்களையும் 'எல்லோருக்கும் நீக்கு' என்று கொடுத்து அழிப்பது நல்லது.

சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது தவறா?

தவறில்லை, வேலை தேடுபவருக்கு அது தேவை. நீங்களாகவே பொதுவெளியில் வைக்கும் விவரத்துக்குப் புதிய சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கைபேசி எண், பிறந்த தேதி, விடுதி முகவரி ஆகியவற்றைப் புரொஃபைல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, சான்றிதழ் இணைப்பை மட்டும் பகிரலாம்.

கணக்கை நீக்கச் சொல்வது எப்படி? பதில் வராவிட்டால் எங்கே போவது?

செயலியைக் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டால் கணக்கு நீங்காது. அமைப்புகளில் 'டெலீட் அக்கவுண்ட்' இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கூகுள் கணக்கு வழியாக உள்நுழைந்திருந்தால், கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குப் போய் அந்தத் தளத்துக்குக் கொடுத்த தொடர்பையும் துண்டியுங்கள். பிறகு கொள்கையின் கடைசியில் இருக்கும் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

'இந்த மின்னஞ்சலிலும் கீழ்க்கண்ட கைபேசி எண்ணிலும் தங்கள் தளத்தில் என் மகனின் பெயரில் கணக்கு உள்ளது. அவருக்கு 18 வயது நிறையவில்லை. நான் அவருடைய பெற்றோர். அவருடைய தரவைக் கையாளவும் எங்களைத் தொடர்புகொள்ளவும் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். எந்தெந்த விவரங்கள் தங்களிடம் உள்ளன, யாருக்கெல்லாம் அவை தரப்பட்டன என்பதைத் தெரிவித்து, சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றவற்றை நீக்கி, நீக்கிய விவரத்தை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்.'

கட்டண ரசீது போன்றவற்றை வரிச் சட்டத்துக்காக அவர்கள் வைத்துக்கொள்வார்கள். அதில் தகராறு செய்யப் பயனில்லை. 2011-இன் விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். புதிய விதிகளில் இந்தக் காலம் அதிகபட்சம் 90 நாட்கள்.

பதில் வராவிட்டால், பணம் தொடர்பான தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. 'வழக்கு பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டும்' என்று விதிமுறைகளில் எழுதியிருந்தாலும் தயங்க வேண்டாம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுச் செய்ய இடமளிக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கசிந்த விவரத்தை வைத்து யாரேனும் பணம் பறித்திருந்தால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தரவைத் தவறாகக் கையாண்டது தொடர்பான முறையீட்டுக்கு, புதிய சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகலாம். அது டிஜிட்டல் அலுவலகமாகவே இயங்குவது என்பதால் டெல்லி வரை போக வேண்டியதில்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. எனவே அனுப்பிய மின்னஞ்சலையும், கிடைத்த புகார் எண்ணையும், பதிவு செய்த நாளில் இருந்த கொள்கைப் பக்கத்தின் பிடிஎஃப் நகலையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருங்கள்.